மெஷின் சத்தத்துல கேக்கலைங்க

‘சரிங்க’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஓரிடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட முடியும். நான் பார்த்திருக்கிறேன்.

மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த ஒரு ரிசார்ட்டில் அப்போது நான் ரிசப்ஷனில் இருந்தேன். படிப்பு முடிந்து கிடைத்த முதல் வேலை. பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வந்து போவேன். அவர் தோட்ட வேலையில் இருந்தார். கூனிமேட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். சார்ஜாவில் பதினெட்டு வருஷம் பங்களாத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதலாளியிலிருந்து சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் பாய்.

ரிசார்ட் வாசலில் முதலில் புல் போட்டார்களாம். போர் தண்ணீர் உப்பு. இரண்டு தடவை போட்டு இரண்டு தடவையும் கருகிப்போனது. அதன் பிறகு முதலாளியின் மனைவி எங்கோ வெளிநாட்டில் பார்த்துவிட்டு வந்து, புல்லை எடுத்துவிட்டு நான்கு பாத்திகளிலும் வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டச் சொன்னார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் ஒரு பாதாம் மரம் நின்றது. பாதாம் மரம் என்றைக்கு இலை கொட்டாமல் இருந்திருக்கிறது? விளக்குமாற்றால் பெருக்கினால் இலையோடு கல்லும் சேர்ந்து வந்தது. கையால் பொறுக்கச் சொன்னால் பெண்கள் இரண்டு நாளில் இடுப்பு வலி என்று நின்றுவிட்டார்கள். கடைசியில் இலையை உறிஞ்சி எடுக்கும் மெஷின் ஒன்றை வாங்கினார்கள். நீளமான குழாய், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு பை, பின்னால் வால் மாதிரி வயர். முதல் வாரமே அது கல்லை விழுங்கி உள்ளேயிருந்த விசிறியை உடைத்துக்கொண்டது.

பாய் அன்றைக்கு வாட்ச்மேன் வேலை கேட்டு வந்திருந்தார். உடைந்த மெஷினைச் சுற்றி நான்கு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, “நான் பாக்கட்டுங்களா?” என்றார். மறுநாள் விசிறியைச் சரிசெய்து, குழாயின் வாயில் கோழிவலையை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அந்த மெஷின் அவருடையது. அதை வேறு யாரும் தொட்டதில்லை, தொட அவர் விட்டதுமில்லை.

காலையில் பனி ஈரம் காயும்வரை ஆரம்பிக்க மாட்டார். ஈர இலை கல்லோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் குழாய்க்குள் கூழாகி அடைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு குழாயைக் கல்லுக்கு ஒரு சாண் மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கோரைப்பாய் விரிக்கிற மாதிரி கோடு கோடாக நகர்ந்து போவார். பெரிய இலைகள் முதலில் போகும். கல் இடுக்கில் கிடக்கும் சவுக்கு ஊசிகளுக்குக் குழாயைத் தாழ்த்துவார். கல் ஏதாவது எழும்பினால் அது வலையில் மோதுவதற்குள் கை பின்வாங்கிவிடும். ஒரு நாள் எப்படி என்று கேட்டேன்.

“கையில தெரியும்மா” என்றார்.

பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பிவிடும். நான்காவது பாத்தியை முடித்துத் திரும்பும்போது முதல் பாத்தியில் பத்து இருபது இலை கிடக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் உப்பளம். அங்கே குவித்து வைத்த உப்பும் இந்தப் பக்கம் கல்லும் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். அவர் ஒரு நிமிஷம் நெற்றியில் கையை வைத்துப் பார்ப்பார். வயரை இழுத்துக்கொண்டு மறுபடியும் முதல் பாத்திக்குப் போவார். அவர் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டார். சம்பளம் இந்த மாதம் தள்ளிப்போகும் என்றாலும் சரிங்க, ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்றாலும் சரிங்க. சொல்லும்போது லேசாகத் தலையைச் சாய்த்து ஒரு சிரிப்பு. மேனேஜர் மற்றவர்களைத் திட்டும்போதெல்லாம், “பாயைப் பாத்துக் கத்துக்கங்கப்பா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசுறாரா?” என்பார்.

ஆனால் சில சமயம் அந்தச் சரிங்க பொருந்தாத இடத்தில் வந்து விழும். ஒரு தடவை முதலாளியின் மனைவி வந்திருந்தார். மதில் ஓரத்துக் காகிதப்பூ வெள்ளைக் கல் மேல் சிவப்புச் சிவப்பாக உதிர்ந்து கிடந்ததைப் பார்த்து, “பாய், இதை மட்டும் எடுக்காதீங்க. போட்டோக்கு நல்லா இருக்கும், அப்படியே கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாய் சரிங்க மேடம் என்றார். மேடம் காபி குடித்துவிட்டு வெளியே வருவதற்குள் ஒரு பூ இல்லை. பளிச்சென்று இருந்தது கல். அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நான் சொன்னது காதுல விழலையா?”

“மெஷின் சத்தத்துல கேக்கலைங்க மேடம்” என்றார் பாய். அந்தச் சிரிப்பு அப்போதும் இருந்தது. திமிர் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

இன்னொரு நாள் மெஷினுக்குள் ஏதோ பேரிங் போய், இரும்பை இரும்பால் அறுக்கிற மாதிரி கத்தியது. நீச்சல் குளத்தில் இருந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்கள். பாய் மட்டும் அமைதியாக அடுத்த கோட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். மேனேஜர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அப்போதும் எங்களில் யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வேலையில் மூழ்கிப்போய்விட்டார் என்று சிரித்தோம்.

கொரோனா வந்துதான் எனக்குத் தெரிந்தது. ரிசார்ட்டை மூடித் திறந்த சமயம். ஊழியர்களுக்கெல்லாம் ஊசி போட ஒரு பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பாய் வந்து நின்றார். கையில் மெஷின் இல்லை.

“வயசு என்ன பாய்?”

“சரிங்கம்மா.”

“வயசு. உங்க வயசு.”

“சரிங்க.” சிரித்தார்.

“சுகர், பிரஷர் ஏதாவது இருக்குதா?”

“சரிங்கம்மா, செஞ்சிடலாம்.”

விளையாடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. கண் என் மாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தது, மூடிய கதவைப் பார்க்கிற மாதிரி. எனக்கு என்னமோ தோன்றி மாஸ்க்கைக் கீழே இறக்கினேன். சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து, “வயசு என்ன?” என்றேன்.

“அம்பத்தேழும்மா” என்றார் உடனே.

எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மேஜை அருகே குனிந்தார்.

“சொல்லிடாதீங்கம்மா. மெஷின் கையில இருந்தா யாருக்கும் தெரியாது. சத்தம்னு நெனச்சுக்குவாங்க. இதுவும் போச்சுன்னா யாரும்மா எனக்கு வேலை குடுப்பாங்க?”

சார்ஜாவில் நாள் முழுக்க முதுகில் கட்டிக்கொண்டு இலை ஊதும் மெஷின் ஓட்டியிருக்கிறார். முதலில் காதில் பஞ்சு வைத்திருக்கிறார். சூப்பர்வைசர் விசில் அடித்தால் கேட்கவில்லை என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியிருக்கிறார். அன்றைக்கே பஞ்சை எடுத்து எறிந்துவிட்டாராம். “நல்லா கேட்டுச்சும்மா அப்ப, விசிலு” என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் எதிரே போய் நிற்பேன். அவர் மெஷினை நிறுத்தி நிமிரும்வரை காத்திருந்து, உதட்டைக் கொஞ்சம் அகலமாக அசைத்துச் சொல்வேன். அவர் போனில் பேசுவதில்லை என்பதால் அவர் மனைவி ரிசப்ஷனுக்குத்தான் கூப்பிடுவார். “பாப்பா, அவரு வேலையா இருப்பாரு. வரும்போது கடையில சீரகம் வாங்கியாரச் சொல்லும்மா” என்பார். வேலையா இருப்பாரு என்று அவர் சொல்வார், ஆமாங்க என்று நான் சொல்வேன். தெரிந்த விஷயத்தை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, காலில் ஆறாத புண். நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் போனை வைத்ததில்லை.

பாயிடம் காது மெஷின் ஒன்றும் இருந்தது. பாண்டியில் வாங்கியது. வேலைக்குப் போட்டு வந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வீட்டில் மட்டும் போட்டுக்கொள்வார். “ராத்திரி சோறு திங்கறப்ப போட்டுக்குவேன். அவளுக்கும் யார்கிட்டயாவது பேசணும்ல” என்றார் ஒரு தடவை.

மழைக்காலம் அவருக்குப் பயம். இலை நனைந்து கிடக்கும், மெஷின் ஓட்ட முடியாது. வெறுங்கையோடு இருக்கிற அந்த இரண்டு மாதமும் யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் தொட்டிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருப்பார். சாப்பிடும்போது மூலையில் சுவரில் முதுகை ஒட்டி உட்காருவார், எல்லோர் வாயும் தெரிகிற மாதிரி. யாராவது சிரித்தால் ஒரு நொடி கழித்துச் சிரிப்பார்.

அந்த நாளைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று நான் லீவு. என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். என் இடத்தில், சாப்பாட்டு ஹாலில் சர்வர்களுக்கு மேலே கேப்டனாக இருந்தவரை உட்கார வைத்திருந்தார்கள். நல்ல மனிதர். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் கூனிமேட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. பாயின் பக்கத்து வீட்டு அம்மா. பாயின் மனைவி மயங்கி விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், அவரை உடனே அனுப்புங்கள் என்று.

கேப்டன் ஓடியிருக்கிறார். பாய் மூன்றாவது பாத்தியில் இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேப்டன் பின்னாலிருந்து போனவர், தோளுக்கருகே நின்று உரக்கச் சொல்லியிருக்கிறார். நிழல் அசைவது தெரிந்து பாய் திரும்பியபோது கேப்டனின் வாய் கடைசிச் சொல்லை முடித்துக்கொண்டிருந்தது.

“சரிங்க” என்றார் பாய்.

கேப்டன் திரும்பிவிட்டார். ரிசப்ஷனில் ஆட்கள் காத்திருந்தார்கள். அரை மணி கழித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாய் நான்காவது பாத்தியில் இருக்கிறார். கேப்டனுக்கு நம்ப முடியவில்லை. வாசலுக்கு வந்து, அவர் பார்க்கிற மாதிரி கையை ஆட்டி, “பாய், இன்னும் போகலையா?” என்று கேட்டிருக்கிறார்.

அது சாப்பாட்டு நேரம். பாய் அந்த உதட்டைத் தெளிவாகப் படித்துக்கொண்டார், சாப்பிடப் போகலையா என்று.

“முடிச்சிட்டுப் போறேங்க” என்றார்.

முடித்தார். சாப்பிட்டார். சாயங்காலம் மெஷின் பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வழக்கமான பஸ்ஸில் ஏறி, கடையில் நின்று ஏதோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. தெரு முழுக்க ஆட்கள் நின்று அவரைப் பார்த்தார்கள். அந்த அம்மா மூன்றரை மணிக்கே மௌத்தாகிவிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நடுவில் ஒரு தடவை கண் திறந்து, “அவரு வந்துட்டாரா?” என்று கேட்டாராம். பக்கத்து வீட்டு அம்மா, “வந்துக்கிட்டே இருக்காரு” என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது ரிசார்ட் முழுக்க அதே பேச்சு. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள் என்று சொல்லியும் இலை பொறுக்கிக்கொண்டிருந்தானே, கல்நெஞ்சக்காரன் என்று. அதுவரை பாயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்ன மேனேஜர், “என்ன மனுஷன்மா அவரு?” என்று என்னிடம் கேட்டார். அப்படிப் பேசியதெல்லாம் கேப்டனிடமிருந்து கேட்ட மற்றவர்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாயின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “பாவம்மா” என்றார். அப்புறம், “வண்டிங்க ரிவர்ஸ் எடுக்குற எடம் அது. சின்னப் பிள்ளைங்க ஓடியாடுற எடம். தெரியாம இருந்த வரைக்கும் சரி. தெரிஞ்சப்புறம் நான் எப்படிம்மா வெச்சுக்கிறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையில்ல கேப்பாங்க?” என்றார்.

அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் கூனிமேட்டுக்குப் போனேன். பாய் வெளியே ஆண்களோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரிடம் ஏதோ சொன்னார்கள். அவர் யாருடைய வாயையும் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மகள் இருந்தாள். ஒரே பெண், கடலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் வயதுதான். நான் யார் என்று சொன்னதும், “அந்த போன் எடுக்குற அக்காவா?” என்றாள். அம்மா என்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார் போல.

“எங்க அத்தாவுக்கு எது வேணுமோ அது மட்டும் காதுல விழும். சின்ன வயசுலேர்ந்து நான் போன்ல பேசினதெல்லாம் அவருக்கு விழுந்துச்சா? கடைசில அம்மாவுக்கும் அதேதான்” என்றாள்.

நான் சொன்னேன். அவள் நினைத்திருந்த மாதிரி காது கொஞ்சம் மந்தம் இல்லை, காது மெஷின் இல்லாவிட்டால் சுத்தமாகவே கேட்காது என்று. வேலை போய்விடும் என்று மறைத்தார் என்று. எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும், அன்றைக்குப் பார்த்து நான் லீவு, வேறொருவர்தான் போனை எடுத்தார் என்று. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ரெண்டு வருஷமா தெரியுமா? அப்ப நீங்க லீவு போட்டப்ப அந்த சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லக்கா? எழுதிக் காட்டியிருப்பாருல்ல?”

எனக்கு இப்போது கல்யாணமாகி திண்டிவனத்தில் இருக்கிறேன். அன்று பார்க்க வந்தவர்கள் வீட்டில்தான். கல்யாண நாள் வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் வந்த அந்த இன்னொரு நாளும் கூடவே வந்து நிற்கிறது.

அடுத்த வாரம் கணக்கு முடிக்க பாயை வரச் சொல்லியிருந்தார்கள். யூனிஃபாரத்தைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். காதில் அந்தக் காது மெஷின் இல்லை. இனிமேல் மறைக்க ஒன்றுமில்லையே, ஏன் போடவில்லை என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் பாய், நான்தான் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார். கோபம் இல்லை. நான் சொன்னதில் அவருக்கு அக்கறையே இல்லாத மாதிரி இருந்தது.

“அந்தத் தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களாம்மா?” என்றார்.

கேப்டன் வந்தார். அவரால் பாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாய் ஒரு எட்டு முன்னால் போய், வெளிச்சம் கேப்டன் முகத்தில் விழுகிற மாதிரி தள்ளி நின்றுகொண்டார்.

“தம்பி, அன்னிக்கு எங்கிட்ட என்ன சொன்னீங்க? அதை அப்படியே சொல்லுங்க.”

கேப்டன் என்னைப் பார்த்தார்.

“இங்க பாத்து சொல்லுங்க தம்பி. அன்னிக்குச் சொன்ன மாதிரியே.”

கேப்டன் பாய் பக்கம் திரும்பிச் சொன்னார். “பாய், உங்க வீட்டம்மா மயங்கி விழுந்துட்டாங்களாம். பாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். உங்கள உடனே வரச் சொன்னாங்க.”

பாய் கண்ணை எடுக்காமல் அந்த உதட்டையே பார்த்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் வாயும் கூடவே லேசாக அசைந்தது. முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

கேப்டன் ஆரம்பித்தார். ‘உங்க வீட்டம்மா’ என்பதைத் தாண்ட முடியவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது. பாய் கழுத்தை நீட்டி அந்தக் கைக்குப் பின்னால் பார்க்க முயன்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லல பாய். அழுவுறாரு.”

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. என் உதடும் சரியாக அசைந்திருக்காது. யூனிஃபாரத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். இருபக்கமும் பாத்திகளில் ஒரு வாரத்து இலை கிடந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே போகிறவர்கள் வாட்ச்மேனிடம் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வாட்ச்மேன் பின்னாலிருந்து, “பாய்! பாய்!” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். பாய் கேட்டைத் தாண்டி சாலைக்குப் போய்விட்டார். வாட்ச்மேன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போய் அவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.